பறிக்கப்பட்ட தோட்டம் பாடசாலையான கதை

நம் கடற்கரைக்கு வந்து சென்ற பயணி இப்னு பதூதாவைப் பற்றி வாசகர்கள் அறிவார்கள். 1340களில் அவர் மஃபர் எனப்பட்ட நம் தமிழகக் கரையில் இறங்கி, மதுரை சுல்தானின் விருந்தினராகத் தங்கினார். ஃபத்தன் என்று தாம் குறிக்கும் துறைமுக நகரின் கல்லால் எழுப்பிய பள்ளிவாசலையும், அங்கே மிகுதியாகக் கிடைத்த திராட்சையையும் மாதுளையையும் அவர் வியந்து எழுதியிருக்கிறார்.

அதே பயணி 1350ஆம் ஆண்டில் உலகின் மறுகோடியில், அந்தலூஸ் என முஸ்லிம்கள் அழைத்த ஸ்பெயின் நாட்டின் கர்நாத்தா நகரில் இருந்தார். இன்று கிரனாடா என வழங்கும் அந்நகரின் பெயர் ஸ்பானிய மொழியில் மாதுளையையே குறிக்கும். சுல்தான் நோயுற்றிருந்தமையால் அவரைக் காணும் வாய்ப்பு இப்னு பதூதாவுக்குக் கிட்டவில்லை. ஆனால் அறிஞர் ஒருவரின் தோட்டத்தில் அவ்வூர்ப் பெருமக்கள் கூடி, அவருடைய பயணக் கதைகளைக் கேட்டார்கள். அக்கூட்டத்தில் இப்னு ஜுஸய் என்னும் இளைஞரும் இருந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் மொரோக்கோவின் ஃபேஸ் நகரில் இப்னு பதூதா சொல்லச் சொல்ல அந்தப் பயணநூலை எழுத்தில் வடித்தவர் அவரே.

ஒரு தோட்டத்தில் தொடங்கிய அறிமுகம் உலகம் போற்றும் நூலாக மலர்ந்தது. அந்தலூஸ் மக்களுக்குத் தோட்டம் என்பது கனி பறிக்கும் இடம் மட்டுமன்று. ஆசிரியரும் மாணவரும் அமர்ந்து உரையாடும் சபையும் அதுவே. அத்தகைய தோட்டமொன்று அந்நகரின் மலைச்சரிவில் இன்றும் இருக்கிறது. அதன் உரிமையாளர்கள் விரட்டப்பட்டார்கள். அவர்களின் மொழி தடை செய்யப்பட்டது. ஆயினும் ஏறத்தாழ 360 ஆண்டுகளுக்குப் பின் அவ்விடத்திலேயே அரபுமொழி கற்பிக்கும் பள்ளி எழுந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம்.

மலைச்சரிவில் ஒரு மனை

கிரனாடா குன்றுகளின் நகரம். சபீக்கா என்னும் குன்றின்மேல் புகழ்பெற்ற அல்ஹம்ரா அரண்மனை நிற்கிறது. அதன் அடிவாரத்தில் தாரோ என்னும் சிற்றாறு ஓடுகிறது. ஆற்றின் மறுகரையில் ஏறிச் செல்லும் குன்று அல்பைசின். குறுகிய சந்துகளும் வெள்ளைச் சுவர்களும் நிறைந்த பழைய முஸ்லிம் குடியிருப்பு அது. 1984ஆம் ஆண்டு அல்ஹம்ராவும், 1994ஆம் ஆண்டு அல்பைசினும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

அல்பைசினின் கீழ்ச்சரிவில், சாக்ரமோந்தே குன்றுக்குச் செல்லும் பாதை பிரியும் முனையில் அமைந்திருக்கிறது சாப்பிஸ் இல்லம். முஸ்லிம் சுல்தான்கள் காலத்து மாளிகை ஒன்று முன்பு அவ்விடத்தில் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அதன்மீது இரண்டு வீடுகள் ஒட்டினாற்போல் எழுந்தன. அவற்றுக்கு உரியவர்கள் லொரென்சோ எல் சாப்பிஸ் என்பவரும், அவருடைய மைத்துனர் எர்னான் லோப்பெஸ் எல் ஃபெரீ என்பவரும் ஆவர். பெயர்கள் கிறிஸ்தவப் பெயர்களாக இருப்பதைக் கண்டு வாசகர்கள் திகைக்க வேண்டாம். இவர்கள் மொரிஸ்கோக்கள், அதாவது, கட்டாயத்தின்பேரில் ஞானஸ்நானம் பெற்ற முஸ்லிம்களின் வழிவந்தவர்கள்.

தெருவிலிருந்து பார்ப்போருக்கு அவ்வீடு ஓர் எளிய சுவர்தான். உள்ளே நுழைந்தால் முற்றம். முற்றத்தின் நடுவே நீர்த்தொட்டி. சுற்றிலும் மரத்தாலான மாடத் தாழ்வாரங்கள். முற்றம் வைத்த வீட்டில் பிறந்து வளர்ந்த நம்மவர்க்கு இவ்வமைப்பு அயலாகத் தோன்றாது. வெளியாரின் கண்ணுக்கு மறைவும், வீட்டாருக்குக் காற்றும் வெளிச்சமும் தரும் அமைப்பு அது. வீட்டை ஒட்டிச் சரிவில் தோட்டம் இறங்குகிறது. அங்கே நின்று நிமிர்ந்து பார்த்தால் பள்ளத்தாக்குக்கு அப்பால் அல்ஹம்ராவின் செந்நிறக் கோட்டைச் சுவர்கள் தெரியும்.

இவ்வாறு சுவருக்குள் தோட்டத்தைப் பொதிந்து வைத்திருக்கும் மனைகளைக் கிரனாடா மக்கள் கார்மென் என்கிறார்கள். திராட்சைக் கொடியைக் குறிக்கும் கர்ம் என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததே அது.

வாக்குறுதியும் வன்கொடுமையும்

1491ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், கிரனாடாவின் கடைசி சுல்தான் அபூ அப்தில்லாஹ், முற்றுகையிட்ட கத்தோலிக்க மன்னர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார். 1492 ஜனவரி 2ஆம் நாள் நகரம் கைமாறியது. முஸ்லிம்கள் தம் மார்க்கத்தையும், பள்ளிவாசல்களையும், சொத்துக்களையும், ஷரீஅத் சட்டத்தையும் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்பது அவ்வுடன்படிக்கையின் சாரம்.

அவ்வாக்குறுதி பத்தாண்டுகள்கூட நீடிக்கவில்லை. நகரின் முதல் பேராயர் தலவேரா, அரபுமொழி கற்று நயமாகப் போதிக்கலாம் என்னும் கருத்துடையவர். 1499ஆம் ஆண்டில் கார்டினல் சிஸ்னெரோஸ் வந்ததும் நிலைமை மாறியது. கூட்டங்கூட்டமாக மக்களுக்கு ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டது. அல்பைசின் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதையே காரணமாகக் காட்டி உடன்படிக்கை முறிந்ததாக அறிவித்தார்கள். பிப்ரம்லா சதுக்கத்தில் அரபு நூல்கள் குவிக்கப்பட்டுத் தீயிடப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் நெருப்புக்குத் தப்பின. 1502ஆம் ஆண்டில் காஸ்தீல் அரசில் எஞ்சியிருந்த முஸ்லிம்களுக்கு மதம் மாறுவது அல்லது நாட்டை விட்டு வெளியேறுவது என்னும் இரண்டே வழிகள் வைக்கப்பட்டன.

1567ஆம் ஆண்டு மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆணை இன்னும் ஒருபடி மேலே சென்றது. அரபு பேசுதல், அரபு எழுதுதல், முன்னோரின் உடை, பெண்களின் முகத்திரை, பொதுக் குளியலறைகள் யாவும் தடை செய்யப்பட்டன. அப்போது பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலேய் என்னும் முதிய மொரிஸ்கோ பெரியவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். உடை என்பது ஊருக்கு ஊர் மாறுவது, அது மதமாகாது என்றார். குளிப்பது தூய்மைக்காக என்றார். கீழ்த்திசைக் கிறிஸ்தவர்களும் அரபு பேசுகிறார்களே, அப்படியிருக்க அரபுமொழியை எவ்வாறு மதத்தின் அடையாளமாகக் கொள்ள முடியும் என்று கேட்டார். நியாயம் நிறைந்த அவ்விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

1568 டிசம்பரில் மலைநாட்டு மொரிஸ்கோக்கள் கிளர்ந்தார்கள். 1571 வரை அப்போர் நீடித்தது. அதன் முடிவில், போரில் கலந்தவரும் கலவாதவருமான பல்லாயிரம் குடும்பங்கள் கிரனாடா நாட்டிலிருந்து பிடுங்கப்பட்டு, ஸ்பெயினின் பிற பகுதிகளில் சிதறடிக்கப்பட்டன. அவர்களின் வீடும் நிலமும் தோட்டமும் மன்னரின் உடைமையாயின. சாப்பிஸ் இல்லமும் அவ்வாறே பறிபோயிற்று. 1609க்கும் 1614க்கும் இடையே மொரிஸ்கோக்கள் ஸ்பெயினிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் கடல் கடந்து போனதாக வரலாற்றறிஞர்கள் கணக்கிடுகிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். பெயரை மாற்றிக்கொண்டும், ஊரோடு ஒத்து வாழ்ந்தும், புதிய பாணியில் வீடு கட்டியும் அக்குடும்பத்தாருக்குத் தம் தோட்டத்தில் மூப்படையும் உரிமை கிடைக்கவில்லை.

மண்ணைப் பறித்தவர்க்குக் கிடைக்காதது

நிலத்தைப் பறிக்க ஆணை ஒன்று போதும். அதைப் பண்படுத்தும் அறிவை அவ்வாறு பறிக்க முடிவதில்லை. ஆட்சியாளர்கள் இதை விரைவிலேயே உணர்ந்தார்கள்.

கிரனாடாவிலிருந்து மொரிஸ்கோக்களை அகற்றியபோது, வயல்களின் எல்லையும் வாய்க்கால்களின் முறையும் அறிந்த சிலரை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். வடபுலத்திலிருந்து குடியேறியவர்களுக்கு எந்த மதகை எப்போது திறப்பது என்று காட்ட வேறு ஆளில்லை. 1609ஆம் ஆண்டு வலென்சியா நாட்டுக்குப் பிறப்பித்த வெளியேற்ற ஆணையும் நூற்றுக்கு ஆறு குடும்பங்களை இருக்க அனுமதித்தது. சர்க்கரை ஆலைகளையும் நெல் விளைச்சலையும் நீர்ப்பாசனத்தையும் காப்பதும், புதிய குடிகளுக்கு அவற்றைக் கற்பிப்பதும் அவர்கள் கடமை. ஆயினும் உற்றாரை விட்டுப் பிரிந்து தங்கப் பெரும்பாலோர் மனம் ஒப்பவில்லை.

மொழியின் கதியும் வியப்புக்குரியது. ஆணையிட்டுத் தடுத்த அரபுமொழி, அதைத் தடுத்தவர்களின் நாவிலேயே குடியேறிக் கொண்டது. ஸ்பானிய உழவர் தம் வாய்க்காலை அசேக்கியா என்கிறார், அது அஸ்ஸாகியா. நீர்த்தொட்டியை அல்பெர்க்கா என்கிறார், அது அல்பிர்கா. நிலத்தடித் தொட்டி அல்ஹிபே, அது அல்ஜுப்பு. நீரிறைக்கும் சக்கரம் நோரியா, அது நாஊரா. நறுமணம் வீசும் அர்ரயான் புதர், அர்ரைஹான் அன்றி வேறன்று. ஆரஞ்சுக்கு வழங்கும் நரான்ஹா என்னும் சொல், அரபு நாரன்ஜ், பாரசீக நாரங் ஆகியவற்றின் வழியே நம் இந்திய மண்ணின் நாரங்கம் என்னும் சொல்லில் போய் முடிகிறது. நம் நாரத்தையும் அதன் உறவே என்று மொழியறிஞர் கருதுவர்.

அல்பைசின் தெருக்களில் இன்றும் இருபதுக்கும் மேற்பட்ட பழைய நிலத்தடித் தொட்டிகளைக் காணலாம். அவற்றுள் பல, தேவாலயங்களை ஒட்டியே இருக்கின்றன. முன்பு அவ்விடங்களில் பள்ளிவாசல்கள் இருந்தன என்பதும், உளூச் செய்வதற்கும் ஊரார் பருகுவதற்கும் அந்நீர் பயன்பட்டது என்பதும் அதனால் விளங்கும்.

தோட்டத்தில் எழுந்த பள்ளி

காலப்போக்கில் சாப்பிஸ் இல்லம் கைகள் பல மாறிச் சிதைந்து கிடந்தது. 1919ஆம் ஆண்டில் அரசு அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 1929க்கும் 1932க்கும் இடையே அதைச் செப்பனிட்டவர் லெயோபோல்தோ தோரெஸ் பல்பாஸ். 1923 முதல் அல்ஹம்ராவின் பராமரிப்புக் கட்டடக் கலைஞராக இருந்தவர் அவர். இடிந்ததைக் கற்பனையால் அலங்கரித்துப் பழமைபோல் காட்டுவதை அவர் வெறுத்தார். எஞ்சியதைக் காப்பது, புதிதாகச் சேர்ப்பதைப் புதிதென்று தெரியும்படி விடுவது என்பதே அவருடைய கொள்கை. வீட்டோடு தோட்டத்தையும் அவர் சீரமைத்தார்.

அந்நேரம் ஸ்பெயினில் குடியரசு மலர்ந்திருந்தது. கிரனாடாப் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஃபெர்னாந்தோ தெ லோஸ் ரீயோஸ் கல்வியமைச்சராக இருந்தார். 1932 ஜனவரி 27ஆம் நாள் இயற்றிய சட்டத்தால் மத்ரீதிலும் கிரனாடாவிலும் அரபுக் கல்விப் பள்ளிகள் நிறுவப்பட்டன. கிரனாடாப் பள்ளிக்கு உறைவிடமாக வாய்த்தது சாப்பிஸ் இல்லம். அதன் முதல் இயக்குநர் எமிலியோ கார்சியா கோமெஸ், பல்கலைக்கழகத்தின் அரபுமொழிப் பேராசிரியர். அப்போது முப்பது வயதைக்கூட எட்டாதவர். 1930ஆம் ஆண்டில் அந்தலூஸ் அரபுக் கவிதைகளை அவர் ஸ்பானிய மொழியில் பெயர்த்து வெளியிட்டிருந்தார். தங்கள் மண்ணில் இத்தகைய கவிஞர்கள் வாழ்ந்தார்களா என்று ஸ்பானிய இலக்கிய உலகம் விழித்துக்கொள்ள அந்நூல் காரணமாயிற்று.

அரபு பேசியதற்காக ஒரு காலத்தில் தண்டம் கட்டிய அதே குன்றில், நீர்த்தொட்டியின் ஓரத்தில், மாணவர்கள் அரபு இலக்கணம் படித்தார்கள். மொரோக்கோ முதலிய முஸ்லிம் நாடுகளின் மாணவர்களை வரவேற்பதும் பள்ளியின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

1936ஆம் ஆண்டின் இருள்

அந்த நல்ல காலமும் நான்கே ஆண்டுகள்தான். கார்சியா கோமெஸ் 1935ஆம் ஆண்டில் மத்ரீத் சென்றபின் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் சல்வதோர் விலா. 1904ஆம் ஆண்டு சலமான்கா நகரில் பிறந்தவர். மெய்யியலறிஞர் உனமுனோவின் மாணவர். இஸ்லாமியச் சட்டமரபில் தோய்ந்தவர். அந்தலூஸ் அறிஞர் இப்னு முகீத் எழுதிய பத்திர நூலிலிருந்து திருமணம் பற்றிய பகுதியை மொழிபெயர்த்தவர். ஆதம் மேஸ் என்பாரின் இஸ்லாமிய நாகரிக வரலாற்றை ஜெர்மன் மொழியிலிருந்து பெயர்த்துத் தந்தவர். 1936ஆம் ஆண்டில் கிரனாடாப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது.

அவ்வாண்டு ஜூலையில் படைத்தலைவர்கள் குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். உள்நாட்டுப் போர் மூண்டது. ஆகஸ்டில் தோரெஸ் பல்பாஸ் அல்ஹம்ராப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபர் 7ஆம் நாள் சலமான்காவில் விலா கைது செய்யப்பட்டுக் கிரனாடாவுக்குக் கொண்டுவரப்பட்டார். அம்மாதம் 22ஆம் நாள் இரவு விடிவதற்குள், நகருக்கு வெளியே வீஸ்னார் என்னும் சிற்றூரின் ஓடையருகே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 32. அவருடைய மனைவி ஜெர்மனியைச் சேர்ந்த யூதப் பெண்மணி. இசையறிஞர் மனுவேல் த ஃபாயா பரிந்து பேசியதால் அவர் உயிர் பிழைத்தார். விலாவுக்கு இரண்டு மாதங்களுக்கு முன் கவிஞர் கார்சியா லோர்காவும் அச்சுற்றுப்புறத்திலேயே கொல்லப்பட்டிருந்தார்.

அவ்விடத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. வீஸ்னாரை அடுத்த அல்ஃபகார் என்னும் ஊரில் பெரிய ஊற்று ஒன்று இருக்கிறது. ஐனுத் தம்உ, அதாவது கண்ணீர் ஊற்று என்று அரபியர் அதை அழைத்தார்கள். அதிலிருந்து பதினோராம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால்தான் வீஸ்னார் வழியாக மலைச்சரிவைச் சுற்றி வந்து அல்பைசின் மக்களுக்கு நீர் ஊட்டியது. ஐனதமார் என்பது இன்றைய வழக்கு. ஊற்று நீர் உமிழும் தோற்றத்தால் வைத்த அப்பெயர், 1936க்குப் பின் வேறொரு பொருளையும் ஏற்றுக்கொண்டது.

மொரிஸ்கோக்களை ஒடுக்கியதும், அவர்களின் மொழியைப் போற்றிய அறிஞரைக் கொன்றதும் ஒரே சகிப்பின்மையின் இரண்டு முகங்கள். முதலாவதில் பாதிக்கப்பட்டோர் நம்மவர். இரண்டாவதில் பாதிக்கப்பட்டவர் நம்மவர் அல்லர். இருவருக்காகவும் கலங்குவதே நீதியுள்ளம்.

தோட்டத்துக்கு இலக்கணம் சொன்ன நூல்

போருக்குப் பின் அப்பள்ளி, ஸ்பெயின் அரசு 1939ஆம் ஆண்டில் அமைத்த உயர் அறிவியல் ஆய்வு மன்றத்தின் கீழ் வந்தது. மொழி, வரலாறு, கட்டடக்கலை, வேளாண்மை எனப் பல துறைகளில் அதன் ஆய்வு இன்றளவும் தொடர்கிறது. அதன் நூலகத்தில் இருக்கும் ஓர் அரபுக் கைப்படியைப் பற்றி இங்கே அவசியம் சொல்ல வேண்டும்.

அல்மரிய்யா நகரத்து அறிஞர் இப்னு லூயூன் 1348ஆம் ஆண்டில் வேளாண்மை பற்றி ஒரு நூல் இயற்றினார். முழுவதும் செய்யுள், மாணவர்கள் எளிதில் மனனம் செய்வதற்கேற்ற ரஜஸ் யாப்பு. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட அடிகள். துலைத்துலா நகரத்து இப்னு பஸ்ஸால், கர்நாத்தாவின் அத்திக்னரி ஆகிய முன்னோர் எழுதியவற்றைச் சுருக்கி, உழவர்களிடம் கேட்டறிந்ததையும் சேர்த்து அவர் பாடினார். பிளேக் என்னும் கொள்ளைநோய் அல்மரிய்யாவைச் சூறையாடிக்கொண்டிருந்த ஆண்டு அது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். ஊர் மடிந்துகொண்டிருந்த வேளையில், மண்ணை எப்படிப் பதப்படுத்துவது, ஒட்டுக் கட்டுவது எவ்வாறு என்று வருங்காலத்துக்கு எழுதி வைத்தவரின் உள்ளுறுதியை என்னென்பது!

நூலின் இறுதிப் பகுதியில் தோட்ட மனைக்கு அவர் இலக்கணம் வகுக்கிறார். வீடு மேட்டில் அமைய வேண்டும். தெற்கு நோக்கி இருக்க வேண்டும். கிணறும் நீர்த்தொட்டியும் உயரத்தில் இருக்க வேண்டும். கிணற்றுக்குப் பதில் நிழலூடே ஓடும் வாய்க்கால் ஆயினும் நன்று. தொட்டியை ஒட்டி என்றும் பசுமை மாறாப் புதர்கள், அதற்கப்பால் மலர்ச்செடிகள், ஓரங்களில் திராட்சைப் பந்தல், நடுவே அமர்ந்து பேச ஒரு மண்டபம்.

இவ்விலக்கணம் அழகுக்காக மட்டும் சொன்னதன்று. உயரத்தில் நீர் இருந்தால் இறைக்க ஆள் வேண்டாம்; சரிவே அதைச் செடிக்குச் செடி கொண்டு சேர்க்கும். தெற்கு நோக்கினால் குளிர்காலத்திலும் வெயில் கிடைக்கும். பசும்புதர் நீரைச் சுற்றி நின்றால் அதன் நிழலில் நீர் ஆவியாவது குறையும். அந்தலூஸ் தோட்டங்களில் நடைபாதை உயர்ந்தும் பாத்தி தாழ்ந்தும் இருந்தன. மதகைத் திறந்தால் பாத்தி நிறையும், நடப்பவர் கால் நனையாது. மலர்த்தலைகள் பாதையின் மட்டத்தில் நின்று கம்பளம் விரித்தாற்போல் தோன்றும்.

எதிர்க் குன்றில், அல்ஹம்ராவை அடுத்திருக்கும் ஜெனரலீஃபே தோட்டம் இதற்குச் சான்று தந்தது. 1958ஆம் ஆண்டு அங்கே ஒரு தீவிபத்து நேர்ந்தது. அதன்பின் முற்றத்தை அகழ்ந்தபோது, சுமார் அரை மீட்டர் ஆழத்தில் சுல்தான்கள் காலத்துத் தாழ்ந்த பாத்திகளும், ஒன்றையொன்று குறுக்கிடும் பாதைகளும் வெளிப்பட்டன.

இப்னு லூயூனின் நூலைப் பதிப்பித்து ஸ்பானிய மொழியில் பெயர்த்தவர் ஒரு பெண்மணி என்பது நம் சகோதரிகள் மகிழத்தக்க செய்தி. ஹோவாகினா எகுவாராஸ் என்பது அவர் பெயர். கிரனாடாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியேற்ற முதல் பெண்மணி. நகரின் தொல்பொருள் அருங்காட்சியகத்தை 1930 முதல் பல்லாண்டுகள் நிர்வகித்தவர். சாப்பிஸ் இல்லத்துப் பள்ளியில் அரபு கற்பித்தவர். பல்லாண்டு உழைப்பின் பயனாய் 1975ஆம் ஆண்டில் அவர் பதிப்பு வெளிவந்தது. அவருக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

சாப்பிஸ் இல்லத்தின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. நூலகத்தில் நூல் இருக்கிறது. சன்னலைத் திறந்தால் தோட்டம் இருக்கிறது. மேட்டில் வீடு, தெற்கே திறந்த சரிவு, முற்றத்தில் நீர் என்று நூல் சொல்வதை மாணவன் படியிறங்கிச் சென்று கண்ணால் சரிபார்க்கலாம். செய்யுளில் வரும் அர்ரைஹான் எது என்று அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. இலையைக் கசக்கி முகர்ந்தால் போதும்.

மீண்டும் ஓடும் நீர்

இந்த அறிவு பழம்பெருமையாக ஏட்டில் மட்டும் நிற்கவில்லை. தென்ஸ்பெயின் இப்போது அடிக்கடி வறட்சியில் வாடுகிறது. அதனால் அறிஞர்களின் பார்வை பழைய வாய்க்கால்களின் மேல் திரும்பியிருக்கிறது. கிரனாடாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டு முதலாகச் சியெரா நெவாதா மலைத்தொடரில் கைவிடப்பட்ட வாய்க்கால்களை, உழவர், மாணவர், தன்னார்வலர் துணையோடு தூர்வாரி மீட்டு வருகிறார்கள். ஐனதமார் வாய்க்காலும் அண்மை ஆண்டுகளில் அவ்வாறு மீட்கப்பட்டது.

அவ்வாய்க்கால் வந்தடையும் குன்றுகளில் ஒன்று கார்தூஹா. முன்னாளில் செல்வர்களின் கோடைத் தோட்டங்கள் நிறைந்திருந்த பகுதி அது. அழகில் ஒப்பில்லாத குன்று என்று அக்கண்ணீர் ஊற்றுத் தோட்டங்களை இப்னு பதூதா புகழ்ந்திருக்கிறார். இன்று அக்குன்றில் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. பயணி கண்டு வியந்த தோட்ட மேட்டிலேயே மாணவர்கள் மண்வெட்டி எடுத்து முன்னோர் வெட்டிய வாய்க்காலின் மண்ணை அள்ளினார்கள்.

எவருடைய சொத்து?

வாசகப் பெருமக்களே, இவ்வரலாற்றைப் படிக்கும்போது நம் உள்ளத்தில் இரண்டு உணர்ச்சிகள் எழும். ஒன்று, இழந்ததை எண்ணிய ஏக்கம். அது இயல்பே. ஆனால் ஏக்கத்தோடு நின்றுவிட்டால் நமக்குக் கிடைப்பது பெருமூச்சு ஒன்றுதான். மற்றொன்று நன்றியுணர்வு. நம் முன்னோர் எழுதிய அரபு நூலைத் தூசி தட்டி, எழுத்தெழுத்தாய்ப் படித்து, உலகுக்கு அளித்தவர்கள் பிற சமயத்தினர். அதற்காக வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவர்; அப்பள்ளியைத் தாங்கி நின்று, கொடுங்காலத்தில் உயிரையே இழந்தவர் ஒருவர். நன்மையை எவர் செய்தாலும் நன்றி பாராட்டுவது நம் பண்பு.

ஒருவர் நட்ட மரத்தின் கனியைப் பறவையோ மனிதரோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். மரணத்துக்குப் பின்னும் தொடரும் நன்மைகளுள் பயன்தரும் கல்வியையும் அவர்கள் சேர்த்தார்கள். சாப்பிஸ் இல்லத்துத் தோட்டத்தில் இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன. வேர் ஊன்றியவரின் பெயரைச் சொல்லித் துஆச் செய்ய அவ்வூரில் அவருடைய சந்ததி இல்லை. ஆயினும் அவர் பெயராலேயே அவ்வீடும் அந்த ஏற்றத் தெருவும் இன்றளவும் வழங்குகின்றன. ஆணையிட்டுத் துரத்தியவர்களால் அப்பெயரைத் துரத்த இயலவில்லை.

நம் வீடுகளிலும் பாட்டனார் வைத்துச் சென்ற கிதாபுகள் இருக்கும். கொல்லையில் அவர் வெட்டிய கிணறும், வைத்த மரமும் இருக்கும். அவற்றை நம்மிடமிருந்து எவரும் பறிக்கவில்லை. அந்தக் கிதாபில் என்ன எழுதியிருக்கிறது, அந்த மரத்துக்கு எந்த மாதம் நீர் பாய்ச்ச வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? பறிகொடுத்தவர்களின் அறிவுக்கு ஒரு பள்ளி கிடைக்க 360 ஆண்டுகள் ஆயின. நம் கையில் இருப்பதைக் கற்பிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.